ஒவ்வொரு டெஸ்டுக்கும் கிட் ரெப்போவைப் புதிதாக்க எது நல்லது? ரீசெட், ஒர்க்ட்ரீ, லோக்கல் குளோன்: ஒரு மதிப்புரை

அவசரமாகப் படிப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட் ரெப்போவை, அதாவது கோடின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் மென்பொருளின் ஃபோல்டரை, கிளறிப் பார்க்கும் ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு டெஸ்டும் முடிந்தபின் ரெப்போவைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையே வேண்டாம். டெஸ்டுக்கு ஒரு ரெப்போ புதிதாக எடுங்கள், முடிந்ததும் ஃபோல்டரோடு தூக்கிப் போடுங்கள். இதற்கு வேண்டியதெல்லாம் கிட்டிலேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் கிடையாது. ஆனால் அந்தப் புது ரெப்போவைச் சுற்றி ஒரு வேலி போடாவிட்டால் அதுவும் ஆபத்துதான். கீழே அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கள் டீம், கமிட்டுகளின் (சேமித்த மாற்றங்களின்) வரலாற்றைப் படித்து ரிலீஸ் நோட்ஸ் எழுதித் தரும் ஒரு கருவியைப் பராமரிக்கிறது. அதனால் எங்கள் டெஸ்டுகள் பிராஞ்ச் (தனிக் கிளை) போடும், டேக் (பெயர்ச்சீட்டு) ஒட்டும், வேண்டுமென்றே மெர்ஜில் (கிளைகளை இணைப்பதில்) மோதலை உண்டாக்கும், ரீபேஸை (கமிட்டுகளை வேறோர் இடத்தின்மேல் மறுபடி அடுக்குவதை) பாதியில் நிறுத்திவிட்டுக் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்கும். சில டெஸ்டுகள் ரெப்போவின் வரலாறு இருக்கும் டாட்-கிட் ஃபோல்டரையே அழித்துவிட்டு, 'இது ரெப்போ இல்லை' என்ற பிழைச்செய்தி ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கும். இவ்வளவு அட்டகாசத்துக்கும் பிறகு அடுத்த டெஸ்டுக்குச் சுத்தமான ரெப்போ வேண்டும். உங்கள் டெஸ்டுகள் ஒரு ஃபைலை எழுதிப் படிப்பதோடு சரி என்றால், நான் இங்கே குறைசொல்லும் பல விஷயங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

எல்லோரும் முதலில் கை வைப்பது ரீசெட், க்ளீன் ஜோடியில்தான். ரீசெட்டை 'ஹார்ட்' போட்டு ஓட்டினால், கிட் கணக்கில் உள்ள ஃபைல்கள் எல்லாம் கடைசி கமிட்டில் இருந்தபடி திரும்பிவிடும். கிட்டின் கணக்கில் இல்லாத புது ஃபைல்களை அது பொதுவாக விட்டுவிடும். அதற்குத்தான் க்ளீன். க்ளீன் சும்மா ஓடாது. எஃப் என்ற எழுத்தைக் கொடுத்து 'ஆமாம், அழி' என்றால்தான் கேட்கும். டி கொடுத்தால் ஃபோல்டர்களும் போகும், எக்ஸ் கொடுத்தால் இக்னோர் பட்டியலில் உள்ளவையும் போகும். என் கொடுத்தால் எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே என்றால், இந்த ஜோடி துடைப்பது கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களையும் இண்டெக்ஸையும் (அடுத்த கமிட்டுக்கான பட்டியலையும்) மட்டும்தான். டெஸ்ட் போட்ட பிராஞ்ச் அப்படியே இருக்கும். டேக், ஸ்டாஷ் (ஒதுக்கிவைத்த பாதி வேலை), கன்ஃபிக்கில் மாற்றிய வரி, ஹூக்ஸ் ஃபோல்டரில் வைத்த, கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கும். பாதியில் நிற்கும் மெர்ஜை ரீசெட் கலைத்துவிடும். பாதியில் நிற்கும் ரீபேஸைக் கலைக்காது, அதற்குத் தனியாக 'அபார்ட்' (கைவிடு) சொல்ல வேண்டும். பிழை புகுந்த கமிட்டைத் தேடும் பைசெக்டும் அப்படித்தான். டைம்-அவுட் ஆகி டெஸ்ட் ரன்னர் கிட்டை நடுவில் கொன்றுவிட்டால் இண்டெக்ஸ்-லாக் ஃபைல் அநாதையாகக் கிடக்கும். அப்புறம் துடைக்க வரும் ரீசெட்டே, 'இங்கே வேறொரு கிட் ஓடிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை உண்டாக்கும் டெஸ்ட் இருந்தால், ஒற்றை எஃப் அந்த உள் ரெப்போவைத் தொடாது, இரட்டை எஃப் கொடுக்க வேண்டும். சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இணைத்த வேறொரு ரெப்போ) இருந்தால் அதற்குள் தனியாகப் போய்த் துடைக்க வேண்டும்.

இதெல்லாம் எப்படி வெளியே தெரியும்? ஒரு டெஸ்டைத் தனியாக ஓட்டினால் பாஸ் ஆகும், மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினால் 'இந்த டேக் ஏற்கெனவே இருக்கிறது' என்று ஃபெயில் ஆகும். வரிசையை மாற்றினால் வேறொரு டெஸ்ட் ஃபெயில் ஆகும். ஆளாளுக்குத் துடைக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்ப்பார்கள். அது நீண்டுகொண்டே போகும், முடிவுக்கு வராது.

இந்த எரிச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. ரீசெட்டிடம் நாம் 'இந்த ரெப்போவை' என்று சொல்வதில்லை. நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரில் டாட்-கிட் இருக்கிறதா என்று அது பார்க்கும், இல்லையென்றால் ஒரு படி மேலே போகும், அங்கும் இல்லையென்றால் இன்னும் மேலே. இதை எங்கள் டீமில் நடந்ததோடு சேர்த்துச் சொன்னால் புரியும். டெஸ்ட் ரெப்போக்கள் அப்போது புராஜெக்டுக்குள்ளேயே இருந்த ஒரு தற்காலிக ஃபோல்டரில் உருவாகிக்கொண்டிருந்தன. மேலே சொன்ன அந்த 'ரெப்போ இல்லை' டெஸ்ட் ஓடியது, டெஸ்ட் ரெப்போவின் டாட்-கிட்டை அழித்தது, பாஸும் ஆனது. அடுத்து, டெஸ்ட் முடிந்தபின் துடைக்கும் டியர்-டவுன் வந்து அதே ஃபோல்டரில் நின்று ஹார்ட் ரீசெட் அடித்தது. அங்கே டாட்-கிட் இல்லை. மேலே ஏறிப் பார்த்தது, புராஜெக்டின் சொந்த டாட்-கிட் கிடைத்தது. அதை ரீசெட் செய்துவிட்டது. பக்கத்து சீட்டுத் தம்பி காலையிலிருந்து எழுதி இன்னும் கமிட் செய்யாத கோடு முழுக்கப் போயிற்று. டெஸ்ட் ரிப்போர்ட்டோ எல்லாம் பச்சை.

இதில் ஒரு நுணுக்கம். க்ளீன் தான் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கீழே மட்டும்தான் அழிக்கும். ஹார்ட் ரீசெட்டுக்கு அந்த எல்லை கிடையாது. எந்த மூலையில் நின்று ஓட்டினாலும் மொத்த ரெப்போவும் திரும்பிவிடும். பெயரைக் கேட்டால் க்ளீன்தான் பயங்கரமாகத் தெரிகிறது, எஃப் எல்லாம் கேட்கிறது. ரீசெட் எதையும் கேட்காமல் காரியத்தை முடித்துவிடுகிறது. தம்பி ஆட் செய்து (அடுத்த கமிட்டுக்கென்று கிட்டிடம் கொடுத்து) வைத்திருந்த ஃபைல்கள் மட்டும் கிட்டின் எஃப்எஸ்சிகே கமாண்டை 'லாஸ்ட்-ஃபவுண்ட்' போட்டு ஓட்டியதில் கிடைத்தன. ஃபைல் பெயர் இருக்காது, ஹேஷ் எண்தான் பெயராக இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட் செய்யாதவற்றைப் பற்றி கிட்டுக்கு எதுவுமே தெரியாது.

எக்ஸ் எழுத்தோடு க்ளீன் ஓட்டுவதற்கும் இதே எச்சரிக்கை. இக்னோர் பட்டியலில் இருப்பதெல்லாம் குப்பை என்று அது நினைக்கிறது. பாஸ்வேர்டு வைத்திருக்கும் டாட்-என்வ் ஃபைலும் பைதான் விர்ச்சுவல் என்விரான்மென்டும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

ஆகவே, ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மெஷினில் இந்த ஜோடிக்கு ஐந்துக்கு ஒன்றரைதான் தருவேன். சிஐ மெஷினில், அதாவது டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வரில், கதை வேறு. அங்கே யாருடைய பாதி வேலையும் கிடையாது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாகவே இரட்டை எஃப், டி, எக்ஸ் போட்ட க்ளீனையும் ஹார்ட் ரீசெட்டையும் ஓட்டிவிட்டுத்தான் ஃபெட்ச் செய்யும். கிட்லேப் ரன்னரின் இயல்பான க்ளீன் அமைப்பும் அதே எழுத்துகள்தான். ஒரு ஜாபுக்கும் அடுத்த ஜாபுக்கும் நடுவே அது போதும், அங்கே நான்கு தரலாம். ஒரே ஜாபுக்குள் டெஸ்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவே என்றால் மறுபடி பழைய குறைகள்தான்.

ஸ்டாஷ் வைத்துச் சமாளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது மனிதர்கள் கைமறதிக்கு வைத்துக்கொள்ளும் அலமாரி, டெஸ்ட் அதற்குள் கை விடக்கூடாது.

அடுத்து ஒர்க்ட்ரீ. 2015இல் கிட் 2.5 பதிப்போடு வந்தது. ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டரை வேறோர் இடத்தில் விரித்துத் தரும். வரலாற்றை மறுபடி காப்பி செய்யாததால் டிஸ்கில் பெரிதாக இடம் பிடிக்காது, பெரிய ரெப்போவிலும் சட்டென்று வந்துவிடும். ஹெட்டும் (இப்போது எந்தக் கமிட்டில் நிற்கிறோம் என்ற குறி) இண்டெக்ஸும் ஒவ்வொரு ஒர்க்ட்ரீக்கும் தனித்தனி. கேட்பதற்கு நாம் தேடியது இதுதான் என்று தோன்றும். எங்கள் டீமிலும் இதற்கு ஆதரவு நிறைய இருந்தது.

ஆனால் பிராஞ்சும் டேகும் பொது. ஸ்டாஷ் பொது, கன்ஃபிக் பொது, ஹூக்கும் பொது. ஒர்க்ட்ரீக்குள் நின்று டெஸ்ட் போடும் பிராஞ்ச் உங்கள் அசல் ரெப்போவின் பிராஞ்ச் பட்டியலில் வந்து உட்காரும். நான்கு டெஸ்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டினால், நான்கும் ஒரே பெயரில் பிராஞ்ச் போடப் பார்த்து மோதிக்கொள்ளும். ஒரே பிராஞ்சை இரண்டு ஒர்க்ட்ரீயில் திறக்கவும் கிட் விடாது. எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாமல் 'டிடாச்' போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஃபோல்டரை நேரடியாக அழித்துவிட்டால் அசல் ரெப்போவின் டாட்-கிட்டுக்குள் அதன் பதிவு தங்கிவிடும், ப்ரூன் ஓட்டிக் கழிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு சின்னச் சிக்கல்: ஒர்க்ட்ரீயில் டாட்-கிட் என்பது ஃபோல்டர் இல்லை, அசல் இடத்தைக் காட்டும் ஒரு வரி கொண்ட ஃபைல். 'டாட்-கிட் ஃபோல்டர் இருக்கிறதா' என்று பார்க்கும் பழைய ஸ்கிரிப்டுகள் இதில் குழம்பும். எங்கள் கருவியிலேயே அப்படியோர் இடம் இருந்தது, ஒர்க்ட்ரீதான் அதைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு நன்றி.

பழைய கமிட்டையும் புதிய கமிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பில்ட் செய்து ஒப்பிடுவது போன்ற வேலைக்கு ஒர்க்ட்ரீயை அடித்துக்கொள்ள ஆளில்லை. வரலாற்றைப் படிக்கும் டெஸ்டுக்குச் சரி, வரலாற்றை மாற்றும் டெஸ்டுக்கு ஆகாது. மூன்று மதிப்பெண்.

இனி லோக்கல் குளோன். இணையத்திலிருந்து எடுக்கும் அதே குளோன்தான், முகவரிக்குப் பதிலாக நம் டிஸ்கிலேயே உள்ள ஒரு மாதிரி ரெப்போவின் பாதையைக் கொடுக்கிறோம். பாதையாகக் கொடுத்தால் கிட், வரலாறு இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் காப்பி செய்யாமல் ஹார்டுலிங்க் (டிஸ்கில் உள்ள அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடும். எழுதிய ஆப்ஜெக்டை கிட் திருத்துவதே இல்லை என்பதால் பகிர்வதில் பயமில்லை. பிராஞ்ச், டேக், கன்ஃபிக், ஸ்டாஷ், ஹூக் எல்லாம் குளோனுக்கு அதனதன் சொந்தம். டெஸ்ட் உள்ளே என்ன செய்தாலும், முடிந்ததும் ஃபோல்டரை அழித்தால் கணக்கு முடிந்தது. எவர்சில்வர் தட்டென்றால் ஒவ்வொரு பந்திக்கும் கழுவ வேண்டும், கழுவியதில் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது வாழை இலை, மடித்துப் போட்டுவிட்டு அடுத்த இலையை விரிக்கலாம்.

வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குளோன் எடுத்தால் மாதிரியில் இருந்த எல்லா பிராஞ்சும் லோக்கல் பிராஞ்சாக வராது. ஒன்று மட்டும் வரும், மற்றவை ஆரிஜினின் (குளோன் எடுத்த மூல ரெப்போவின்) பிராஞ்சுகளாக நிற்கும். ஹூக்கும் ஸ்டாஷும் வராது. அவையும் வேண்டும் என்றால், சின்ன மாதிரி ரெப்போவுக்கு ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பதுதான் நேர்வழி. 'டெப்த்' கொடுத்து வரலாற்றைச் சுருக்க நினைத்தால், பாதை கொடுத்த குளோனில் அது செல்லாது. ஃபைல் என்று தொடங்கும் முகவரியாகக் கொடுக்க வேண்டும். 'ஷேர்ட்' என்றொரு தேர்வு இருக்கிறது, இன்னும் வேகம். அதில் குளோனுக்குச் சொந்த ஆப்ஜெக்டே இருக்காது, மாதிரியை நம்பியே வாழும். மாதிரியில் ஏதாவது கழிக்கப்பட்டால் குளோன் உடையும். கிட்டின் ஆவணமே ஆபத்து என்று எச்சரிக்கும் தேர்வு அது, தொட வேண்டாம்.

முக்கியமானது ஆரிஜின். குளோனின் ஆரிஜின் உங்கள் மாதிரி ரெப்போவையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு டெஸ்ட் புஷ் செய்தால் அது மாதிரிக்கே போகும். மாதிரி 'பேர்' ரெப்போவாக (வேலை ஃபோல்டர் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளதாக) இருந்தால் எந்தத் தடையும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். சாதாரண ரெப்போவாக இருந்தால் திறந்திருக்கும் பிராஞ்சுக்கு வரும் புஷ்ஷை மறுக்கும், ஆனால் புது பிராஞ்சையும் டேகையும் வாங்கிக்கொள்ளும். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு குளோனிலும் அந்த அழுக்கு வரும். குளோன் எடுத்த கையோடு ஆரிஜினை நீக்கிவிடுங்கள். புஷ்ஷைச் சோதிக்கும் டெஸ்டுக்குத் தனியாக ஒரு பேர் ரெப்போவை அந்த டெஸ்டின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலி. தூக்கிப் போடும் ரெப்போ எடுத்தாலும், அதற்குள் ஓடும் கிட் வெளியே தாவக்கூடாது. இடத்தை முதலில் மாற்றுங்கள்: டெஸ்ட் ரெப்போக்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே, சிஸ்டத்தின் தற்காலிக ஃபோல்டரில் இருக்கட்டும். அடுத்து, கிட்_சீலிங்_டைரக்டரீஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிள். இதில் எழுதியிருக்கும் ஃபோல்டருக்குள் கிட் மேல்நோக்கி ஏறாது. இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: டெஸ்ட் ஃபோல்டரின் பாதையையே எழுதினால், அந்த ஃபோல்டரில் நின்று ஓட்டும்போது தடை வேலை செய்யாது. அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரை எழுத வேண்டும். எழுதிவிட்டு, டாட்-கிட் இல்லாத ஒரு காலி ஃபோல்டரில் நின்று ஸ்டேட்டஸ் ஓட்டிப் பாருங்கள். 'ரெப்போ இல்லை' என்று வந்தால் வேலி நிற்கிறது என்று பொருள்.

சீலிங் மட்டும் போதாது. ப்ரீ-கமிட் ஹூக்கில் டெஸ்ட் ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. ஹூக்கை ஓட்டும்போது, கிட்_டிர், கிட்_இண்டெக்ஸ்_ஃபைல் மாதிரி தன் ரெப்போ எங்கே என்று சொல்லும் வேரியபிள்களை கிட் ஏற்றிவிடும். அவை இருக்கும்வரை டெஸ்டுக்குள் ஓடும் கிட், தான் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு அந்த வேரியபிள் சொல்வதைக் கேட்கும். டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக இருக்கும் டெஸ்ட், கமிட் செய்யும்போது மட்டும் கிறுக்குத்தனம் செய்தால் முதலில் இங்கே பாருங்கள். எந்தெந்த வேரியபிளை நீக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ரெவ்-பார்ஸ் கமாண்டிடம் 'லோக்கல்-என்வ்-வார்ஸ்' என்று கேட்டால் பட்டியலே கொடுத்துவிடும். டெஸ்ட் தொடங்கும்முன் அதில் உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

பிறகு கன்ஃபிக். ஒவ்வொருவர் மெஷினிலும் ஒவ்வொரு குளோபல் கன்ஃபிக் இருக்கும். ஒருவர் கமிட்டுக்குக் கையெழுத்துப் போடும் வசதியை இயக்கியிருப்பார். டெஸ்ட் நடுவில் பாஸ்ஃபிரேஸ் கேட்டுத் தொங்கும். இன்னொருவரின் முதல் பிராஞ்ச் பெயர் வேறு. 2021இல் வந்த 2.32 பதிப்பிலிருந்து கிட்_கன்ஃபிக்_குளோபல், கிட்_கன்ஃபிக்_சிஸ்டம் என்ற இரண்டு வேரியபிள்கள் இருக்கின்றன. சிலர் இரண்டையும் டெவ்-நல் (எப்போதும் காலியாக இருக்கும் ஃபைல்) பக்கம் திருப்பிவிடுகிறார்கள். நான் குளோபலை டெஸ்டுக்கென்றே எழுதிய ஒரு சின்னக் கன்ஃபிக் ஃபைலுக்குத் திருப்புவேன். அதில் பெயர், மின்னஞ்சல், முதல் பிராஞ்சின் பெயர், கையெழுத்து வேண்டாம் என்ற வரி, தானாக ஓடும் ஜிசியை (கிட்டின் குப்பை அகற்றும் வேலையை) நிறுத்தும் வரி ஆகியவை இருக்கும். ஜிசி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை அழிக்கப் போனால் 'ஃபோல்டர் காலியாக இல்லை' என்று வரும், அதற்காகத்தான். சப்மாட்யூல் டெஸ்ட் இருந்தால் ஃபைல் ப்ரோட்டோகாலை அனுமதிக்கும் வரியும் வேண்டும். 2022 அக்டோபரில் வந்த 2.38.1 பதிப்பிலிருந்து பாதுகாப்புக் காரணத்துக்காக சப்மாட்யூலில் அதை இயல்பாக மூடிவிட்டார்கள்.

கமிட் நேரத்தையும் கட்டிப்போடலாம். ஆத்தர் தேதி, கமிட்டர் தேதி இரண்டையும் வேரியபிளில் நிலையாகக் கொடுத்தால், உள்ளடக்கமும் பெயரும் மாறாதவரை கமிட் ஹேஷ் எந்த மெஷினிலும் ஒன்றே. கிட்டின் சொந்த டெஸ்டுகளும் இப்படித்தான்: 1112911993 என்ற விநாடியில் கடிகாரத்தைத் தொடங்கி 60 விநாடியாக நகர்த்துகின்றன. அந்த எண் 2005 ஏப்ரல் 7, கிட்டின் முதல் கமிட்டின் நேரமேதான். ஆளுக்கொரு குறும்பு.

அந்த டெஸ்டுகளைத் திறந்து பார்த்தால் நான் சொல்லும் முறைக்கு நல்ல சாட்சி கிடைக்கும். ஒவ்வொரு டெஸ்ட் ஸ்கிரிப்டும் தனக்கென ஒரு 'ட்ராஷ் டைரக்டரி' உண்டாக்கி அதற்குள் ஓடுகிறது, ஹோம் ஃபோல்டரையும் அதற்கே திருப்பிவிடுகிறது. லிப்கிட்2 என்ற கிட் லைப்ரரி தன் மாதிரி ரெப்போக்களை டாட்-கிட்டெட் என்ற பெயரில் வைத்திருக்கிறது, ஏனென்றால் டாட்-கிட் என்ற பெயரிலேயே கமிட் செய்ய கிட் விடாது. டெஸ்ட் தொடங்கும்போது காப்பி எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்கிறது.

தூக்கிப் போடும் முறையில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. ஃபெயில் ஆன டெஸ்டின் ரெப்போவை அழிக்காமல் விட்டுவைக்கலாம். பைதானில் டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டின் தற்காலிக ஃபோல்டர் வசதி, டிஎம்பி-பாத், இயல்பாகவே கடைசி மூன்று ஓட்டங்களின் ஃபோல்டர்களை வைத்திருக்கும். ஃபெயில் ஆன ஃபோல்டருக்குள் போய் கிட் லாக் அடித்தால், எந்த மெர்ஜில் குழப்பம் என்று நேரடியாகத் தெரிகிறது. டீமில் பிழை தேடும் நேரம் இதனால் நிஜமாகவே குறைந்தது.

லோக்கல் குளோனும் வேலியும் சேர்ந்து ஐந்துக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண் விண்டோஸுக்காகக் குறைத்தது. ஆப்ஜெக்ட் ஃபைல்களை கிட் படிக்க மட்டும் என்று குறித்து வைக்கிறது. லினக்ஸில் அதனால் ஒன்றும் ஆகாது, விண்டோஸில் ஃபோல்டரை அழிக்கும் பைதானின் ஆர்எம்ட்ரீ அங்கே வந்து அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அனுமதியை மாற்றி மறுபடி அழிக்கும் ஒரு ஃபங்ஷனை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ளும் ஆர்குமென்டின் பெயரும் பைதான் 3.12இல் ஆன்-எரர் என்பதிலிருந்து ஆன்-எக்ஸ்சி என்று மாறிவிட்டது. டீமில் விண்டோஸ்காரர் ஒருவர் இருந்தாலும் அந்த ஃபங்ஷனை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.